தொடை வழியா, மார்பு வழியா: கரோனரி ஃபிஸ்டுலாவுக்கு எந்தச் சிகிச்சை?

அக்கா மகளுக்கு 9 வயது. பெங்களூர் அல்சூரில் வீடு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். போன வருடம் பள்ளிக்கு ஒரு மருத்துவக் குழு வந்து ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் குழல் வைத்துப் பார்த்தது. இவள் முறை வந்தபோது அந்த டாக்டர் அம்மா குழலை எடுக்கவே இல்லையாம். விட்டுவிட்டுக் கேட்க வேண்டிய இதயச் சத்தத்தோடு, தையல் மிஷின் ஓடுவது போல இடைவிடாத ஓர் இரைச்சல். ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, அப்பா அம்மாவை வரச் சொன்னார்கள். குழந்தை ஓடியாடிக்கொண்டுதான் இருந்தாள். மூச்சிரைப்பு இல்லை, நெஞ்சு வலி இல்லை, ஒரு காய்ச்சல்கூட இல்லை.

அந்தச் சீட்டிலிருந்து சிகிச்சை முடிய ஐந்து மாதம் ஆனது. இரண்டு எக்கோ, ஒரு சிடி ஸ்கேன், மூன்று மருத்துவமனைகள், வீட்டுக்குள் எண்ணிக்கை இல்லாத வாக்குவாதங்கள். நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள், மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் அக்காவும் மாமாவும் பயத்தில் உறைந்துபோனதால், கேள்வி கேட்பதும் படிப்பதும் குறிப்பெடுப்பதும் என் வேலையாகிவிட்டது. இதயத்தில் ஓட்டை என்றால் தமிழில் படிக்க ஏதாவது கிடைக்கிறது. இந்த நோய்க்கு எதுவுமே கிடைக்கவில்லை. இதே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது ஓட்டை அல்ல. சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், நாங்களும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தோம். இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது, சரி. இதயத் தசைக்கே ரத்தம் வேண்டாமா? அதைக் கொண்டுபோகிறவைதான் கரோனரி ரத்தக்குழாய்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகா தமனியின் அடியிலிருந்து வலது ஒன்று, இடது ஒன்று என்று கிளம்பி, கிளை கிளையாகப் பிரிந்து, தசைக்குள் மயிரிழைக் குழாய்களாக முடிய வேண்டும். கரோனரி ஃபிஸ்டுலா இருப்பவர்களுக்கு அந்தக் குழாயிலிருந்து ஒரு பக்கவழி பிரிந்து, தசைக்குப் போகாமல் நேராக இதயத்தின் ஓர் அறையிலோ நுரையீரல் தமனியிலோ போய்த் திறந்துகொள்கிறது. பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. மார்பில் பட்ட காயத்தாலோ வேறு இதய சிகிச்சையின் விளைவாகவோ பின்னால் வருவதும் உண்டு.

எங்கள் தாத்தாவுக்குக் கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. வாய்க்கால் நடுவில் கரை உடைந்து பள்ளத்தில் பாய்ந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடும், கடைமடை காயும். உடைப்பு பெரிதாகப் பெரிதாக, தண்ணீர் அதிகம் ஓடி ஓடி வாய்க்காலே அகலமாகிவிடும். அம்மாவுக்கு இந்த நோயை நான் இப்படித்தான் விளக்கினேன். பிறகு ஒவ்வொரு முடிவிலும் இந்த வாய்க்கால் எங்களுக்கு உதவியது.

அபூர்வமான நோய்தான். பொதுமக்களில் லட்சத்துக்கு 2 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். வேறு காரணத்துக்காக ஆஞ்சியோ, அதாவது கரோனரிக் குழாய்களைப் படமெடுக்கும் பரிசோதனை, செய்கிறவர்களில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குத் தற்செயலாகத் தெரியவருகிறது. பாதிக்குமேல் வலது கரோனரியில் வருகிறது. பக்கவழி போய்த் திறக்கும் இடம், பத்தில் ஒன்பது பேருக்கு இதயத்தின் வலது பக்கம்: வலது கீழறை, வலது மேலறை, நுரையீரல் தமனி. அங்கே அழுத்தம் குறைவு, அதாவது பள்ளம்.

எங்கள் முதல் எக்கோவில் இதை வேறொரு பிறவிக் கோளாறு என்று எழுதியிருந்தார்கள். பிறந்த பின் மூடிக்கொள்ள வேண்டிய டக்டஸ் என்ற குழாய் மூடாமல் நின்றுவிட்டது என்று. அதிலும் இதே மாதிரி இடைவிடாத இரைச்சல்தான் கேட்குமாம். எனக்கு அன்றைக்கு வந்த கோபம், பிறகு ஒரு விஷயம் படித்ததும் தணிந்தது. இந்த நோயை 1865லேயே கிரவுசே என்பவர் விவரித்துவிட்டார். ஆனால் 1947இல் ஸ்வீடனின் பியோர்க், கிராஃபோர்ட் என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலாக இதை அறுவை செய்து மூடியதாகப் பதிவானபோது, அவர்களும் டக்டஸ் என்று நினைத்துத்தான் மார்பைத் திறந்தார்கள். ஆகவே, எக்கோவை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் போக வேண்டாம். குழாய் எங்கே பிரிகிறது, எப்படி வளைகிறது, எத்தனை வாயாகத் திறக்கிறது என்பதை முழுசாகக் காட்டுவது சிடி கரோனரி ஆஞ்சியோ. அந்தப் படம் வருவதற்கு முன்னால் எந்த மருத்துவமனை 'இதுதான் சிகிச்சை' என்று சொன்னாலும், கொஞ்சம் பொறுத்துக்கொள்வது நல்லது. ஒரு தனியார் மருத்துவமனையில் சிடி எடுக்கும் முன்பே அறுவைக்கு நாள் குறித்து முன்பணம் கட்டச் சொன்னார்கள். அக்கா நகையை எடுத்து வைத்துவிட்டாள். அன்றைக்கு அவளைத் தடுத்தது நான் இந்த ஐந்து மாதத்தில் செய்த நல்ல காரியம்.

சும்மா விடுவதும் ஒரு வழிதான்

என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு 50 வயதுக்கு மேல். நெஞ்சு எரிச்சல் என்று போய், ஆஞ்சியோவில் நுரையீரல் தமனிக்குப் போகும் சின்ன ஃபிஸ்டுலா ஒன்று தெரிந்தது. அடைப்பு எதுவும் இல்லை. டாக்டர் அதைத் தொடவே இல்லை. சிறியது, அறிகுறி எதுவும் இல்லை, இதய அறைகள் பெருக்கவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு அவ்வப்போது எக்கோ பார்த்தால் போதும். சின்ன வயதில் கண்டுபிடித்த சின்ன ஃபிஸ்டுலா தானாக மூடிக்கொள்வதும் அபூர்வமாக நடக்கிறது.

பெரியது என்றால் கதை வேறு. அறிகுறி இல்லாவிட்டாலும் பெரிய ஃபிஸ்டுலாவை மூடிவிட வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் பொதுவான நிலை. காரணம், காலம் ஆக ஆக வரும் விளைவுகள்: கடைமடைத் தசை ரத்தம் இல்லாமல் காய்வதால் நெஞ்சு வலி, அதிக ரத்தம் சுற்றிச் சுற்றி வருவதால் இதயம் களைத்துப்போவது, துடிப்பு தாறுமாறாவது, அந்த இடத்தில் கிருமித் தொற்று, குழாய் பலூன் மாதிரி வீங்குவது. நடுத்தர அளவில் இருந்தால் அறிகுறியும் இதய அறைகளின் அளவும் சேர்ந்து முடிவு சொல்லும். எங்கள் குழந்தைக்கு வலது அறைகள் இரண்டும் பெரிதாகத் தொடங்கியிருந்தன. அதனால் 'நல்லாத்தானே விளையாடுறா, விட்டுடலாமே' என்று மாமா சொன்ன வழி அடைபட்டது. மாமா அதை ஏற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆனது. குழந்தை துள்ளிக் குதிப்பதைப் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நாள் குறிப்பது பெற்றவனுக்கு எவ்வளவு கடினம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கேத் லேப் வழி

கேத் லேப் என்பது எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் அறை. மார்பைத் திறக்காமல், தொடை மடிப்பில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, பக்கவழியை உள்ளிருந்தே அடைப்பது. இதில் முதல் முயற்சி 1983இல் லண்டனில் நடந்தது. கழற்றிவிடக்கூடிய ஒரு குட்டிப் பலூனை உள்ளே விட்டு அடைத்தார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் இரண்டு வகைப் பொருட்கள். ஒன்று காயில்: முடி போன்ற பிளாட்டினக் கம்பிச் சுருள், அதில் நூலிழைகள் இருக்கும், அதைச் சுற்றி ரத்தம் உறைந்து வழி அடைபடும். ஒடுங்கிய பாதைகளுக்கு இது. இன்னொன்று பிளக்: நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியில் பின்னிய சிறு கூடை. குழாய்க்குள் நீளமாக ஒடுங்கிப் போய், வெளியே வந்ததும் தன் பழைய உருவத்துக்கு விரிந்துகொள்ளும். அகலமான பாதைக்கு இது. வீட்டில் யாருக்காவது கவரிங் நகை போட்டால் அரிப்பு வரும் என்றால் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிக்கல் ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எல்லாருக்கும் இது சரிப்படாது. பக்கவழி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். திறக்கும் வாய் கொஞ்சம் ஒடுங்கியிருந்தால் நல்லது, அப்போதுதான் அடைப்பான் பிடித்து நிற்கும். பாதை பாம்பு மாதிரி நெளிந்திருந்தால் குழாய் போய்ச் சேராது. எல்லாவற்றையும்விட முக்கியம், அடைக்கும் இடத்துக்கு அப்பால் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கிளை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கரை உடைந்த இடத்தில் மண் போடுகிறேன் என்று நல்ல மடையையும் சேர்த்து அடைத்துவிட்டால் அந்த வயல் செத்தது. இதயத்தில் அதற்குப் பெயர் ஹார்ட் அட்டாக். அதனால்தான் கடைசிக் கிளையையும் தாண்டி, முடிந்தவரை வாய்க்கு அருகில் போய் அடைப்பான் வைக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் முதலில் பலூனால் தற்காலிகமாக அடைத்து, சில நிமிடங்கள் ஈசிஜியில் மாற்றம் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் நிரந்தரமாக வைப்பார்கள். இந்தப் பரிசோதனை செய்வீர்களா என்று நான் கேட்டபோது அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படம் போட்டு விளக்கினார். அந்தக் கால் மணி நேரம் எங்களுக்குப் பெரிய தைரியம் கொடுத்தது.

எங்கள் குழந்தையின் சிடியில் தெரிந்தது இது: இடது கரோனரி கிளம்பும் இடத்திலேயே பக்கவழி பிரிகிறது. மகா தமனிக்குப் பின்னால் வளைந்து போய் வலது மேலறையில் ஒற்றை வாயாகத் திறக்கிறது. வாய் ஒடுக்கம். தசைக்குப் போகும் கிளைகள் எல்லாம் தனியே, ஒழுங்காக இருக்கின்றன. மெல்லிய கம்பியை வலது காலின் தமனி வழியாக உள்ளே விட்டு, பக்கவழியைக் கடந்து வலது மேலறைக்குக் கொண்டுவந்து, அங்கே சிரை வழியாக வந்த சுருக்குக் கம்பியால் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள். தமனிக்குள் போன கம்பி சிரை வழியாக வெளியே வந்ததும், அதன்மேல் சிரைப் பக்கமிருந்தே பிளக்கை ஏற்றினார்கள். சிறு குழந்தையின் தமனியில் பெரிய குழாய் விட வேண்டாம் என்பது இதன் லாபம்.

உள்ளே போனதிலிருந்து வெளியே வர மூன்று மணி நேரம். அன்று முழுக்கக் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். 9 வயதுப் பிள்ளைக்கு அதுதான் பெரிய தண்டனை. வார்டில் ஒரு நர்ஸ் கோலார் தங்கவயல்காரர், நல்ல தமிழ். "கண்ணு, காலை ஆட்டினேன்னா சித்தியை வெளிய அனுப்பிடுவேன்" என்று மிரட்டியும் கொஞ்சியும் அந்த ராத்திரியைக் கடத்திவிட்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இதற்கு ஆபத்து இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அடைப்பான் நழுவி வேறு இடத்துக்குப் போகலாம். பெரும்பாலும் சுருக்குக் கம்பியால் பிடித்து எடுத்துவிடுவார்கள், முடியாவிட்டால் அவசர அறுவைதான். கம்பி உரசிக் கரோனரியின் உட்சுவர் கிழியலாம். கொஞ்சம் கசிவு மிஞ்சலாம். அந்தக் கசிவில் ரத்த அணுக்கள் அடிபட்டுச் சிதைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவதும் உண்டு, வீட்டில் அதைக் கவனிக்கச் சொன்னார்கள். எக்ஸ்ரே கதிர் படும் நேரமும் கணக்கில் வர வேண்டிய ஒன்று. ஆகவே கேத் லேப் இருக்கிற இடம் என்பது போதாது. அதே கட்டடத்தில் குழந்தைகளுக்கான இதய அறுவைக் குழு தயாராக இருக்கிற இடம் வேண்டும்.

மார்பைத் திறப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள்

காத்திருப்புக் கூடத்தில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பியைப் பார்த்தோம். வயது 24. வலது கரோனரி முழுக்கக் கட்டைவிரல் பருமனுக்கு வீங்கி, கடைசியில் வலது கீழறையில் மூன்று நான்கு வாயாகத் திறந்திருந்தது. அவன் அப்பா எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு மட்டும் ஏங்க மாரைப் பொளக்கணும்னு சொல்றாங்க, காசு பாக்கவா?" என்று கேட்டார். இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அவனுடைய உடைப்புக்குக் கேத் லேப் வழி பொருந்தாது. பல வாய்கள், வீங்கிய குழாய், பக்கத்திலேயே முக்கியக் கிளைகள், கூடவே சரிசெய்ய வேண்டிய வேறொரு இதயக் கோளாறு, குழாய் நுழைய முடியாத அளவுக்குச் சின்னப் பச்சைக் குழந்தை: இப்படி எது இருந்தாலும் அறுவைதான் நல்ல வழி.

அதில் கண்ணால் பார்த்து மூட முடிகிறது. இதயத்தின் வெளிப்புறத்தில் ஓடும் பக்கவழி என்றால் சில நேரம் இதயத்தை நிறுத்தாமலே கட்டிவிடலாம். உள்ளே திறக்கும் வாய்களை மூட வேண்டுமென்றால் இதய-நுரையீரல் இயந்திரத்தில் போட்டு, அறையைத் திறந்து உள்ளிருந்து தைக்கிறார்கள். வீங்கிய குழாயைச் சரிசெய்து, தேவைப்பட்டால் பைபாஸும் சேர்த்துச் செய்துவிடலாம். பழக்கப்பட்ட இடத்தில் செய்தால் உயிராபத்து மிகக் குறைவு. ஆனால் ஐசியூ உண்டு, அதன்பின் வார்டில் சில நாட்கள், மார்பெலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம், அதுவரை பாரம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. அறுவைக்குப் பிறகும் சிலருக்குக் கசிவு மிஞ்சுகிறது. அதைப் பிறகு கேத் லேப்பில் அடைக்க முடிவதும் உண்டு.

தழும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "பொம்பளப் புள்ள, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா" என்று எங்கள் வீட்டில் மூன்று பேர் சொன்னார்கள். அக்கா கேத் லேப் பக்கம் சாய்ந்ததற்கு உண்மையில் அதுதான் முதல் காரணம். நான் அவளோடு சண்டை போட்டேன். படம் எதிர்த் திசையில் சொல்லியிருந்தால் அந்தத் தழும்பை நாங்கள் சந்தோஷமாக வாங்கியிருக்க வேண்டும். உள்ளே சரியாக அடைபடாத குழாயை வைத்துக்கொண்டு, வெளியே வழுவழுப்பான மார்பு இருந்து யாருக்கு என்ன பயன்? இந்தக் குழந்தையே நாளைக்குப் பிரசவத்துக்குப் போகும்போது இதயத்தின் பாரம் வெகுவாக ஏறும். அந்த நாளைக்கு வலுவான இதயத்தைத் தயார் செய்வதுதான் பெற்றவர்கள் பார்க்க வேண்டிய கல்யாண ஏற்பாடு.

மூடிய பிறகு

இரண்டு வழிகளையும் ஒப்பிடுகிற எல்லாரும் மூடும் நாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு உள்ள காலம்.

வாய்க்காலுக்குத் திரும்ப வருகிறேன். இத்தனை வருடம் வெள்ளமாக ஓடி அகலமான வாய்க்காலில் உடைப்பை அடைத்துவிட்டோம். இப்போது தேவையான தண்ணீர் மட்டும்தான் வரும். அகலமோ அப்படியே இருக்கிறது. தண்ணீர் மெதுவாகும், தேங்கும், பாசி பிடிக்கும். கரோனரியில் அந்தப் பாசிதான் ரத்தக்கட்டி. அது நல்ல கிளைக்குள் வளர்ந்தால், சிகிச்சை வெற்றியாக முடிந்தபின் மாரடைப்பு வரும். இதில் ஃபிஸ்டுலா எங்கே பிரிகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எங்கள் குழந்தைக்கு மாதிரித் தொடக்கத்திலேயே பிரிந்திருந்தால், அகலமான பகுதி பெரும்பாலும் பக்கவழியிலேயே இருக்கும். அது உறைந்து சுருங்கினாலும் நட்டமில்லை, நல்ல குழாய் தனியே ஓடிக்கொண்டிருக்கும். தர்மபுரித் தம்பிக்கு மாதிரிக் கடைசியில் பிரிந்திருந்தால், முழுக் கரோனரியும் அகலமாகியிருக்கும். அந்த அகலமான குழாயிலிருந்துதான் தசைக்குப் போகும் கிளைகள் கிளம்புகின்றன. அங்கே ரத்தம் தேங்கி உறைந்தால் கிளைகளின் வாயே அடைபடும். இந்த ஆபத்து தொடை வழியாக மூடினாலும் உண்டு, மார்பு வழியாக மூடினாலும் உண்டு.

அதனால் முதல் வகைக்குப் பெரும்பாலும் சில மாதங்கள் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். இரண்டாம் வகையில் குழாய் மிகப் பெரிதாக இருந்தால் வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாத மாத்திரையும் சேர்கிறது. அதற்கு ஐஎன்ஆர் என்ற, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் பரிசோதனையை ஒழுங்காக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கீரை ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லை என்று சாப்பிடக் கூடாது, தானாக வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. பெங்களூரில் சிகிச்சை செய்துகொண்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அந்தத் தம்பியின் அப்பாவிடம், டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே தர்மபுரியில் எந்த லேபில் ஐஎன்ஆர் எடுப்பது, அளவை யாரிடம் போனில் சொல்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

எங்களுக்கு ஆஸ்பிரினோடு பல்லையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சொத்தைப் பல்லிலிருந்து ரத்தத்தில் இறங்கும் கிருமி புது அடைப்பானில் போய் உட்காரக்கூடும். முதல் ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்குவதென்றால் முன்னதாக ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும், பல் டாக்டரிடம் இந்த விவரத்தைச் சொல்ல வேண்டும். பிளக்கின் பெயரும் அளவும் எழுதிய அட்டை ஒன்று கொடுத்தார்கள். எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் அதைக் காட்ட வேண்டும்.

எங்கே, எந்த அட்டையோடு

பெங்களூரில் இருப்பது இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம்தான். அரசின் ஜெயதேவா இதய மருத்துவமனை பன்னேர்கட்டா சாலையில் இருக்கிறது. 2001இல் திறந்த ஒயிட்ஃபீல்டு சத்ய சாய் மருத்துவமனையில் பணம் வாங்குவதில்லை, ஆனால் காத்திருக்க வேண்டிவரும். எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, ஓசூர் சாலையில் பொம்மசந்திராவில் நாராயணா, டாக்டர் தேவி ஷெட்டி 2000இல் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லையிலிருந்து வருகிறவர்களுக்கு அது முதலில் வரும். எந்த இடமானாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பிறவி இதய நோய்க்கென்று தனிக் குழு இருக்கிறதா, கேத் லேப் டாக்டரும் அறுவை டாக்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பார்களா? அமெரிக்க இதய சங்கங்களின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. ஃபிஸ்டுலாவை மூடுவதா, எப்படி மூடுவது என்பதை அனுபவமுள்ள குழுவாகச் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று. எங்களுக்கு முடிவு சொன்ன இடத்தில் இரண்டு டாக்டர்களும் சேர்ந்து பேசினார்கள். அறுவை டாக்டரே "இதுக்கு நான் வேண்டாம், அவர் போதும்" என்றார். அந்த வார்த்தைதான் மாமாவின் மனதை மாற்றியது.

செலவில் ஒரு கணக்கு. கேத் லேப்பில் படுக்கை நாட்கள் குறைவு, ஆனால் பிளக்கின் விலை தனி. அறுவையில் பொருள் குறைவு, ஐசியூவும் வார்டும் கூடும், வீட்டில் ஒருவர் இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியாது. கேட்கும்போது அடைப்பான் விலை சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். ஒன்று போதாமல் இரண்டு தேவைப்பட்டால் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

ஆயுஷ்மான் பாரத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு ஒரு சிக்கல் வருகிறது. இருப்பது இங்கே, ரேஷன் கார்டு ஊரில். கர்நாடக அட்டை இருந்தால் ஒரு வழி, தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் வேறு வழி. இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பவர்களும் உண்டு. அட்மிஷன் அன்று இதைப் பார்த்தால் தாமதம். சிடி எடுக்கும் நாளிலேயே மருத்துவமனையில் அரசுக் காப்பீட்டுக்கு உதவும் ஆரோக்கிய மித்ரா மேஜையில் அட்டையைக் காட்டி, முன் அனுமதிக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பள்ளியில் கண்டுபிடித்த பிள்ளை என்றால் அந்தப் பரிந்துரைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 2013 முதல் நடக்கும் மத்திய அரசுத் திட்டத்தில் பிறவி இதயக் கோளாறும் அடக்கம். எங்கள் அக்கா அந்தச் சீட்டைக் கிட்டத்தட்டத் தூக்கிப் போட்டிருப்பாள்.

எல்லாப் படங்களையும் குறுந்தட்டில் பதிந்து தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எழுதிய ரிப்போர்ட் மட்டும் போதாது. இரண்டாம் கருத்துக் கேட்கப் போனபோது அந்த டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, குறுந்தட்டைத்தான் கணினியில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆறு மாத எக்கோவில் கசிவு இல்லை. வலது அறைகள் சுருங்கிவருகின்றன. மகா தமனிக்குப் பின்னால் ஓடிய பக்கவழியும் உறைந்து ஒடுங்கிவருகிறது. டாக்டர் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லிவிட்டார், ஒரு வருடம் முடிந்ததும் இன்னொரு சிடி. குழந்தை அவர் குழலை வாங்கித் தன் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "சித்தி, மிஷின் நின்னுடுச்சு" என்றாள்.